கொழுந்துக் கையும் நரம்பு டொக்டர்மாரின் சங்கமும்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரணவீர டொக்டர். மருத்துவப் பீடத்தில் படிப்பிக்கிறவர். எங்கள் ஆஸ்பத்திரியின் நரம்புக் கிளினிக் அவருடையது.

கண்டியில் இருந்து வந்த பேராசிரியை அம்மா. வயதானவர். கைத்தடி வைத்திருந்தார்.

யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர். குளிருக்குப் பயந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

காலியில் இருந்து ஒரு டொக்டர். வரும் வழியில் வளைவுகளில் வாந்தி எடுத்தவர். கையில் எலுமிச்சம்பழம் வைத்து மோந்துகொண்டிருந்தார்.

கொழும்பில் இருந்து ஒருவர். நரம்பு டொக்டர்மாரின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

கிளினிக் மிஸ்ஸி, அதாவது தாதி, குசுமா.

தோட்டத்துக் கண்டாக்கு. மலையில் கொழுந்து வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர்.

செல்லத்தாய். கொழுந்து எடுக்கிறவள். அவள்தான் நோயாளி.

கதவுக்குப் பக்கத்தில் நான். கருப்பையா, அட்டெண்டன்.

ஆஸ்பத்திரி ஊழியர்கள் மலர் ஒன்று போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்றார்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை என்றேன். விடவில்லை. இப்போது அந்தக் கிளினிக்கைப் பார்க்கிற டொக்டர் பிள்ளைதான் பிடிவாதமாக நின்றார். அவர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்து, இன்று பீடத்தில் விரிவுரையாளராக இருக்கிறவர்.

"அண்ணே, ரணவீர சேர் எல்லாரையும் சங்கத்துல சேரு, சங்கத்துல சேருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாராமே. ஒலகத்துல எங்க என்ன கண்டுபிடிச்சாலும் இப்ப போன்லயே வந்துருது. சந்தா கட்டி என்னத்த கண்டாரு அவரு?"

"டொக்டர்மாரோட சங்கத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும் டொக்டர்?"

"தெரிஞ்சத எழுதுங்க."

எனக்குத் தெரிந்தது செல்லத்தாயின் கை. அதை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை. டவுனில் சிங்களவர் ஒருவரின் கடையில் மூட்டை இறக்கினேன். சிங்களம் அங்கே வந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் சாக்கடைக் கான் துப்புரவு செய்தேன். பிறகு வார்டில் ஆட்களைத் தூக்கினேன், துடைத்தேன், வண்டி தள்ளினேன். நரம்புக் கிளினிக் தொடங்கியபோது இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. என்னை அனுப்பினார்கள். அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன்.

முதல் நாள் ஒரு கிழவரை முழங்கையில் தாங்கி உள்ளே கூட்டிவந்தேன். ரணவீர டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"கருப்பையா, கதவைத் திற. கையைப் பிடிக்காதே. அவர் எப்படி நடக்கிறார் என்று நான் பார்க்க வேண்டும். நீ பிடித்துக்கொண்டு வந்தால் உன் நடையைத்தான் பார்ப்பேன்."

இது அவர் சிங்களத்தில் சொன்னது. அவர் பேசியது எல்லாம் சிங்களத்தில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

கிழவரைத் திரும்ப வெளியே அனுப்பி, மறுபடி வரச் சொன்னார். அன்று முதல் யார் வந்தாலும் தானாகத்தான் நடந்து வரவேண்டும். நான் ஒரு எட்டுப் பின்னால், கைகளை விரித்தபடி வருவேன். விழுந்தால் பிடிக்க வேண்டும். விழும் வரை தொடக் கூடாது. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் தடுமாறுகிற ஆளைத் தொடாமல் இருப்பதற்குப் பழக வேண்டும். கை தானாகப் போகும்.

காலையில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டு வைப்பேன். சுத்தியல், டோர்ச், பஞ்சு, ஊசிகள், தட்டினால் முரலுகிற இரட்டைக் கால் இரும்பு. ஊசி ஒரு ஆளுக்கு ஒன்று. குத்தியதும் தகரத்தில் போட்டுவிட வேண்டும். அந்த இரும்பை மட்டும் டொக்டர் தட்டில் வைக்க விடமாட்டார். தன் சட்டைப் பையில் வைத்திருப்பார். எங்கள் குளிரில் இரும்பு ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். கால் எலும்பில் வைத்தால் ஆள் துள்ளும். துள்ளியது நரம்பினாலா குளிரினாலா என்று எப்படிச் சொல்வது? ஆகவே உடம்புச் சூட்டில் வைத்திருந்து எடுப்பார்.

பாஷை மாற்றிச் சொல்வதற்கும் ஒரு கட்டளை இருந்தது. அவர்கள் சொன்னதைச் சொல். கூட்டாதே. குறைக்காதே. திட்டினாலும் சொல்.

ஒரு தடவை ஒரு பாட்டி, "கட்டையில போறவன், சுத்தியாலயே அடிச்சுக் கொன்னுருவான் போல" என்றாள். நான் விழித்தேன். டொக்டர் என்னைப் பார்த்தார். சொன்னேன்.

"சரி. மற்றக் காலைக் காட்டச் சொல்" என்றார்.

அப்படிப்பட்ட மனுசன். சிரிக்க மாட்டார். கோபிக்க மாட்டார். மத்தியானம் ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் புத்தகம். தெரியாத நோய் என்றால் புத்தகத்தில் தேடுவார். யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்கலாம். ஆட்கள் இருந்தார்கள். நரம்பு டொக்டர்மாருக்கு நாட்டில் ஒரு சங்கம் உண்டு. சந்தா கட்டச் சொல்லி வருஷா வருஷம் அவருக்கு உறை வரும். பிரிக்காமல் மேசை ஓரத்தில் போடுவார். உறைக்கு மேல் உறை சேரும். டொக்டருடைய தேநீர்க் கோப்பையை நான் அதன் மேல்தான் வைப்பேன். மேசையில் வட்டம் விழாது.

ஏன் அப்படி என்று குசுமா மிஸ்ஸிதான் சொன்னார். முன்னொரு காலம் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் இவர் தான் பார்த்த நோயாளிகளைப் பற்றி ஏதோ வாசித்தாராம். பெரியவர் ஒருவர் எழும்பி, இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் மலை இறங்கி வந்தீர்கள் என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அதன் பிறகு இவர் போகவில்லை. படிப்பிப்பார், கிளினிக் பார்ப்பார், வீட்டுக்குப் போவார்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்காது. தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் என்றால் ஒரு சங்கத்தில் இருப்பார். தலைவரைப் பிடிக்காவிட்டால் திட்டுவார். திட்டிக்கொண்டே இருப்பார். ஒரு பிரச்சினை என்றால் அதே தலைவரிடம்தான் போவார்.

செல்லத்தாய் வந்தது ஒரு மழை நாளில். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

"என்ன செய்யுது?" என்று டொக்டர் கேட்கச் சொன்னார்.

"கை மடங்குதுங்க."

"எப்போது?"

"கொழுந்துல வச்சா மடங்குதுங்க ஐயா. மத்த நேரம் ஒண்ணும் இல்ல."

டொக்டர் பேனாவை வைத்தார். கையை மேசை மேல் விரிக்கச் சொன்னார். விரல் விரலாக மடக்கி நீட்டினார். தன் விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னார். பஞ்சால் தடவினார். ஊசியால் தொட்டார். சட்டைப் பையில் இருந்து இரும்பை எடுத்துத் தட்டி மணிக்கட்டில் வைத்தார். மூக்கைத் தொடச் சொன்னார். பெயர் எழுதச் சொன்னார். எழுதினாள், அழகான எழுத்து. பித்தான் போட்டாள். கோப்பையைத் தூக்கினாள். குசுமா மிஸ்ஸி ஊசியும் நூலும் கொடுத்தார். கோத்தாள். ஒரு நடுக்கம் இல்லை.

"கையில் ஒன்றும் இல்லை" என்றார் டொக்டர்.

நான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பலரிடம் கேட்ட பேச்சு என்பது முகத்திலேயே தெரிந்தது.

மலையில் அவளுக்கு இப்போது அரைப் பேர்தான். அதாவது, குறித்த நிறைக்குக் கொழுந்து கொண்டுவராவிட்டால் பாதி நாள் சம்பளம்தான் விழும். அவள் நல்ல கொழுந்துக்காரி. எல்லோருக்கும் முந்தி நிரை முடிக்கிறவள். இப்போது இடது கையால் மட்டும் எடுக்கிறாள். பக்கத்து நிரைக்காரிகள் நடிப்பு என்றார்கள். லேசான வேலைக்குப் போடச் சொல்லி நாடகமாம். கோயில் பூசாரி கயிறு கட்டினார். புருஷன் செத்துப்போனான். இரண்டு பிள்ளைகள். பெரியவள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் செல்லத்தாய் ஒருத்திதான்.

"மாசக் கடைசிக்குள்ள டொக்டர் துண்டு கொண்டாரணுமாம் அண்ணே. என்ன வருத்தம்னு எழுதி. இல்லேனா பேர வெட்டிருவாங்களாம். பேர் போனா குடியிருக்குற லயத்துக் காம்பராவையும் விடச் சொல்லுவாங்க. நான் எங்க போவேன்?"

டொக்டர் அவளைக் கண்டிக்கு அனுப்பித் தலையையும் கழுத்தையும் படம் எடுப்பித்தார். கையில் கம்பி வைத்து நரம்பைப் பார்க்கிற பரிசோதனையும் செய்வித்தார். எல்லாம் நல்லது என்று வந்தது. மறுபடி பார்த்தார். மறுபடி கையில் ஒன்றும் இல்லை. புத்தகங்கள் மேசையில் கூடின. தேநீர் ஆறிப் போனது.

அவள் போன பிறகு ஒரு நாள் நானே வாய் திறந்தேன். "ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் என்ன சேர்? பாவம்."

"எந்த நோய் என்று எழுதுவேன்? பெயர் தெரியாத ஒன்றுக்கு நான் கையெழுத்து வைத்தால், அந்தத் தோட்டத்து டொக்டர் ஒரு கேள்வி கேட்பார். என்னிடம் பதில் இராது. அவளுக்கு அது இதைவிட மோசம்."

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்து அவளுக்கு என்ன?

மாசக் கடைசி நெருங்கிய கிளினிக் நாளில் அவளிடம் நேராகச் சொன்னார். "எனக்குத் தெரியாது என்று சொல்லு."

அவர் வாயில் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சொன்னேன்.

செல்லத்தாய் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைத்தான் கேட்டாள். கிண்டலாக இல்லை. வழி கேட்கிற மாதிரி.

"அண்ணே, எங்களுக்கு ஒண்ணுன்னா தலைவர்கிட்ட போவோம். அவருக்குத் தெரியலேனா அட்டன்ல இருக்குற சங்கத்து ஆபீசுக்குப் போவோம். இந்த ஐயாவுக்குக் கேக்குறதுக்கு ஆள் யாரும் இல்லீங்களா?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் டொக்டர்.

குசுமா மிஸ்ஸிக்குத் தமிழ் விளங்கும். அவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். கூட்டாதே, குறைக்காதே. அப்படியே சொன்னேன்.

டொக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மூடுபனி. பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு ஆறிய தேநீர்க் கோப்பையைத் தானே தூக்கி அப்பால் வைத்தார். மேலே இருந்த உறையைப் பிரித்தார். அதில் தொலைபேசி எண் இருந்தது.

"ஆமாம், ரணவீரதான்" என்றார் போனில். "இல்லை, சாகவில்லை. சந்தா பாக்கி எல்லாம் கட்டுகிறேன். முதலில் ஒரு கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்க நேரம் இருக்கிறதா?"

நேரம் இருந்தது. நான் தட்டுகளைத் துடைத்து முடித்து, துடைத்ததையே மறுபடி துடைத்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது வெளியூர் ஆஸ்பத்திரியில் கூடுமாம். விளங்காத நோயாளிகளைப் பார்ப்பார்களாம். அந்த முறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதாக முடிவாயிற்று. டொக்டர் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையுடன் பேசினார். கூட்டம் முடியும் வரை பேரை வெட்டுவதில்லை, ஆனால் தோட்டத்து ஆள் ஒருவர் இருந்து பார்ப்பார் என்று துரை சொன்னார். அப்படித்தான் கண்டாக்கு அந்த அறைக்கு வந்தார்.

இனி அன்றைய நாள்.

ரணவீர டொக்டர் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அங்கே கேட்டு வாங்கி, கொழுந்து விட்ட கொப்புகளை வெட்டி, வாளியில் தண்ணீர் ஊற்றி நட்டு வைத்தேன். வாளியை மேசை மேல் ஏற்றினேன். டொக்டர்மார் அரை வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"எடு" என்றார்கள்.

செல்லத்தாய் வலது கையை வெளியே எடுத்தாள். கொழுந்தில் வைத்தாள். பறித்தாள். இன்னொன்று பறித்தாள். கை மடங்கவில்லை. விரல்கள் பழைய கொழுந்துக்காரியின் விரல்களாக ஓடின. வாளியில் கொழுந்து தீர்ந்தது. கை மடங்கவில்லை.

"பாத்தீங்களா சேர்?" என்றார் கண்டாக்கு. "இங்க மிசின் மாதிரி எடுக்குறா. மலைக்குப் போனாத்தான் இவளுக்கு நோவு. ஏ செல்லத்தாயி, ஏன் இங்க நோவல? தலைக்கு மேல கூரை இருக்குன்னா?"

செல்லத்தாய் தன் கையையே பார்த்தாள். "இன்னைக்குன்னு பாத்து என்னைக் காட்டிக் குடுத்துருச்சே" என்று அதனிடமே சொன்னாள். பிறகு எங்களிடம், "நான் பொய் சொல்லலீங்க" என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

அதையும் மாற்றிச் சொன்னேன்.

செயலாளர் மெதுவாக ரணவீர டொக்டரிடம், மனம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், வேறு டொக்டரிடம் அனுப்பிப் பார்க்கலாமே என்றார். காலி டொக்டர் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி தலையாட்டினார். ரணவீர டொக்டர் எழும்பி நின்றுகொண்டிருந்தார். முன்பு சங்கக் கூட்டத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தார்களே, அப்போதும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தேன்.

அப்போது பேராசிரியை அம்மா கைத்தடியால் தரையில் தட்டினார்.

"பெரஹெரா ஊர்வலத்தில் மேளம் அடிக்கிற ஒருவர் என்னிடம் வந்தார்" என்றார். "இடது கை மடங்குகிறது என்றார். கதிரையில் உட்காரவைத்து மடியில் மேளத்தைக் கொடுத்தேன். அருமையாக அடித்தார். வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மறுபடி வந்தார். இந்த முறை எழும்பி நின்று, மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அடித்துக் காட்டினார். கை மூடிக்கொண்டது. மடியில் இருந்தால் வராது. இடுப்பில் கட்டினால் வரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவளுடைய கூடை எங்கே?"

கூடை இல்லை. ஆஸ்பத்திரிக்கு யார் கூடை கொண்டுவருவார்கள்?

"அப்படியானால் நாம் வெளியே போவோம்."

தூறல். பின் சரிவில் நாலைந்து பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர்மார் சப்பாத்தோடு தேயிலைக்குள் இறங்குவதைப் பார்த்து வேலையை விட்டுவிட்டார்கள். நான் பேராசிரியை அம்மாவுக்கு ஒரு கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனேன்.

"உது என்ன, காலிலை ஏறுது?" என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர்.

"அட்டைங்க ஐயா. சவுக்காரம் பூசிட்டு எறங்கியிருக்கணும்" என்றாள் செல்லத்தாய். அந்த நிலையிலும் அவள் என் பக்கம் குனிந்து, "அண்ணே, அந்த ஐயா பேசுறதும் தமிழ்தானா?" என்று கேட்டாள்.

ஒரு பெண் தன் கூடையைக் கழற்றித் தந்தாள். இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கையும் தந்தாள். செல்லத்தாய் சாக்கைச் சுற்றினாள். கூடையை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலைக்குக் கொடுத்தாள். கழுத்து முன்னால் வந்தது. தேயிலைச் செடிகளுக்குள் இடுப்பு வரை இறங்கினாள். இரண்டு கையையும் கொழுந்தின் மேல் வைத்தாள்.

மடங்கியது.

முதலில் பெருவிரல் உள்ளே போனது. அடுத்து மணிக்கட்டு வளைந்தது. ஆட்காட்டி விரல் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மற்ற மூன்றும் உள்ளங்கைக்குள் இறுகின. அவள் இழுத்து விரிக்கப் பார்த்தாள். முழங்கை தூக்கியது. இடது கை தன் பாட்டுக்குப் பறித்துக் கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தது. அவள் கூடையைக் கழற்றினாள். கை விரிந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி மடங்கியது.

பேராசிரியை அம்மா எழும்பிப் போய், அவள் மணிக்கட்டின் மேல் தன் ஒரு விரலை வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்தார். செல்லத்தாயின் விரல்கள் கொஞ்சம் இளகின. எடுத்தார். இறுகின. டொக்டர்மார் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தார்கள். இந்த நோயில் தொட்டால் அப்படி இளகும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"மலையிலயும் இப்பிடித்தாங்க செய்வா" என்றார் கண்டாக்கு. குரல் இறங்கியிருந்தது. "வேணும்னே செய்யுறான்னுதான்..."

நான் சிங்களத்தில் சொன்னேன். பேராசிரியை அம்மா அவரைப் பக்கத்தில் வரச் சொன்னார். "நீங்களும் கையை அப்படியே மடக்குங்கள். விடாமல் அப்படியே வைத்துக்கொண்டு மற்றக் கையால் பறியுங்கள்."

கண்டாக்கு மடக்கினார். பறிக்கத் தொடங்கினார். இடது கை பறித்தால் வலது கை விரிந்தது. வலது கையைப் பார்த்தால் இடது கை நின்றது.

"கண்டாக்கு ஐயாவுக்கு இன்னைக்கு அரைப் பேர்தான்" என்றாள் கூடை கொடுத்த பெண். சரிவு முழுக்கச் சிரித்தது. கண்டாக்கும் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

திரும்பி ஏறும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. காலி டொக்டர், தான் ஒரு தையல்காரரைப் பார்த்ததாகச் சொன்னார். கத்தரிக்கோல் பிடித்தால் மட்டும் விரல் முறுக்கும். செயலாளர், ஒரு கிளாக்கர் என்றார். பேனா பிடித்தால் மட்டும். யாழ்ப்பாணத்து டொக்டர் மட்டும் என்னிடம் தமிழில் சொன்னார்.

"நகை செய்யிற ஒராளைப் பாத்தனான். உலைக்கு முன்னாலை இருந்தால்தான் வரும் எண்டு சொன்னவர். நான் நம்பேல்லை. விசர்க் கதை எண்டு அனுப்பிப்போட்டன். பிறகு அவர் வரவே இல்லை."

ரணவீர டொக்டர் நின்றார். சப்பாத்தில் சேறு. காற்சட்டையில் இரத்தம், அட்டை கடித்தது.

"ஆளுக்கு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம்" என்றார். "வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை." பிறகு, "நான்தான் முதலில் வராமல் போனவன்" என்றார்.

பேராசிரியை அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார்.

அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு வாயில் வராது. பழகிய ஒரே வேலைக்கு மட்டும் வருவது. அந்த ஒரு வேலைக்கு மூளை அனுப்புகிற கட்டளை பிசகிப் போகிறது. மற்ற வேலைகளுக்குக் கை சரியாக இருக்கும். பைத்தியம் இல்லை. நடிப்பு இல்லை. இதை நான் செல்லத்தாய்க்கு இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை அவள் கேட்டுத்தான்.

"நடிப்பில்லைன்னு எழுதுவாங்களா அண்ணே?"

எழுதினார்கள். கிளினிக் மேசையில் வைத்து ரணவீர டொக்டர் எழுதினார். கீழே ஐந்து டொக்டர்மாரும் கையெழுத்து வைத்தார்கள். அதைத் துரைக்குக் கொண்டுபோனவர் கண்டாக்கு. தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பேரை வெட்டவில்லை. அவளைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. கண்டியில் கைக்கு ஊசி போட்டார்கள். சில மாதம் இளகும், பிறகு பழையபடி. கூடை போட்டு முழு நாள் கொழுந்து எடுக்க அவளால் பிறகு முடியவில்லை. இதை நான் மறைக்கவில்லை. சங்கம் கையைச் சுகப்படுத்தவில்லை.

கடைசியாகக் கிளினிக்குக்கு வந்தபோது டொக்டர் கேட்கச் சொன்னார், இப்போது எப்படி என்று.

"கை அப்பிடியேதாங்க இருக்கு. பேரு முழுசா விழுது."

அப்படியே சொன்னேன். அன்றுதான் ரணவீர டொக்டர் சிரித்துப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் விடவில்லை. மாணவர்களிடம், இளம் டொக்டர்மாரிடம், சேர்ந்துகொள்ளுங்கள் என்பார். ஏன் என்று விளக்க மாட்டார். உறை வந்தால் அன்றே பிரிப்பார். எனக்குத்தான் கோப்பை வைக்க இடம் இல்லாமல் போனது. தோட்டத்து மருந்துச் சாலைகளில் இருக்கிற மருத்துவ உதவியாளர்களுக்குச் சங்கம் தகவல் அனுப்பியது. இப்படி ஒரு கை இருக்கிறது, கண்டால் கூடையோடு மலையில் வைத்துப் பாருங்கள், நடிப்பு என்று அனுப்பிவிடாதீர்கள் என்று.

பிறகு வரத் தொடங்கினார்கள். முதலில் பூண்டுலோயாப் பக்கத்தில் இருந்து ஒருத்தி. பிறகு றொசல்லயில் இருந்து ஒருத்தி, மாமியாரோடு. மாமியார்தான் அதிகம் பேசினாள். "இத்தன நாளும் இவள நான் என்ன பேச்செல்லாம் பேசிப்புட்டேன் தெரியுங்களா" என்றாள். எல்லோரும் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். நான் கதவைத் திறப்பேன். தொட மாட்டேன். ஒரு கூடையும் ஒரு படங்கும் கிளினிக் அலுமாரியில் எப்போதும் இருந்தன.

இவ்வளவையும் எழுதி டொக்டர் பிள்ளையிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"அண்ணே, சேரச் சொல்றீங்களா, வேணாங்கிறீங்களா?"

"அது ஒங்க விசயம் டொக்டர்."

"சரி. ஒண்ணு விட்டுட்டீங்களே. செல்லத்தாய்க்கு அப்புறம் நீங்க இருந்த வரைக்கும் அந்த மாதிரி எத்தன பேரு வந்தாங்க? அதயும் எழுதுங்க."

எழுதுகிறேன்.

ஆறு பேர்.